பிரிட்டிஷ் ஜனநாயகமும் ஒரு நூற்றாண்டாக ஒத்திவைக்கப்பட்டுவரும் தேர்தல் சீர்திருத்தமும்

2024 ஜூலை 5 அதிகாலை 2.30 மணி. லண்டனில் முதல் நாள் இரவு 10 மணிக்கு வாக்களிப்பு முடிவடைந்ததும் வெளியாகும் கருத்துக்கணிப்புக்காக கொழும்பில் உறங்காமல் காத்திருந்தேன். பத்திரிகை அலுவலகத்தில் வெளிநாட்டுச் செய்திகளோடு பல வருடங்களைக் கழித்தவனுக்கு அந்தப் பழக்கம் இலகுவில் போவதில்லை. தொழிற்கட்சிக்கு 410 ஆசனங்கள் என்று கணிப்புக் கூறியது. விடிந்து மதியமானபோது வந்து சேர்ந்த முடிவும் ஏறத்தாழ அதுதான், 411 ஆசனங்கள். 'மகத்தான வெற்றி' என்ற சொற்கள் உலகெங்கும் தலைப்புகளில் ஏறின.

நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறோர் எண்ணிக்கையை. தொழிற்கட்சிக்குக் கிடைத்த வாக்குகள் 33.7 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு வாக்குகள், மூன்றில் இரண்டு பங்கிற்குச் சற்றுக் குறைவான ஆசனங்களாக மாறியிருந்தன. அதைவிட விசித்திரம், 2019ஆம் ஆண்டில் ஜெரமி கோர்பின் தலைமையில் 202 ஆசனங்களை மாத்திரம் பெற்று அக்கட்சி படுதோல்வி கண்டபோது அதற்குக் கிடைத்த வாக்குகள் ஒரு கோடியைத் தாண்டியிருந்தன. 2024இல் கிடைத்தவை சுமார் 97 இலட்சம். அதாவது முன்னரை விடவும் குறைவான மக்கள் வாக்களித்த ஒரு கட்சி இரு மடங்கு ஆசனங்களைப் பெற்றது. வாக்களித்தவர்களின் விகிதமும் 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நைஜல் ஃபராஜின் சீர்திருத்தக் கட்சி 40 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்று ஐந்து ஆசனங்களோடு நின்றது. தொழிற்கட்சியின் ஒரு ஆசனத்துக்குச் சுமார் 23,600 வாக்குகள். சீர்திருத்தக் கட்சியின் ஒரு ஆசனத்துக்கு 8 இலட்சத்துக்கும் அதிகம்.

ஃபராஜின் அரசியல் எனக்கு அறவே உடன்பாடற்றது. ஆனால், கணக்கு எவருடைய அரசியலையும் பார்ப்பதில்லை.

பல்கலைக்கழகத்தில் நாம் அரசியல் விஞ்ஞானம் படித்த காலத்தில் வெஸ்ட்மின்ஸ்டரை 'பாராளுமன்றங்களின் தாய்' என்று எழுதாத மாணவனுக்குப் புள்ளிகள் கிடைப்பது கஷ்டம். அந்தச் சொற்றொடரின் பின்னணியை நான் அறிந்துகொண்டது நெடுங்காலம் கழித்தே. 1865ஆம் ஆண்டில் பேர்மிங்ஹாம் நகரில் அதைச் சொன்னவர் ஜோன் பிரைட் என்ற தீவிரவாத லிபரல் அரசியல்வாதி. தாய் என்று அவர் குறிப்பிட்டது பாராளுமன்றத்தை அல்ல, இங்கிலாந்தை. வாக்குரிமையை விரிவுபடுத்தவேண்டும் என்று வாதாடிய மேடை அது. பாராளுமன்றங்களுக்கே தாயான நாட்டில் பெரும்பான்மையான ஆண்களுக்கு வாக்கில்லை என்பதுதான் அவரது முறைப்பாடு. பிற்காலத்தவர் முறைப்பாட்டை விட்டுவிட்டுப் புகழ்ச்சியை மாத்திரம் எடுத்துக்கொண்டனர்.

பிரிட்டனில் தேர்தல் சீர்திருத்தத்தின் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும்போது ஒரு விடயம் மீண்டும் மீண்டும் கண்ணில் படுகிறது. எந்தவொரு சீர்திருத்தமும் அதன் நியாயத்துக்காக மாத்திரம் வந்ததில்லை. ஆட்சியில் இருப்பவர்களின் அச்சமோ, இலாபமோ அதனுடன் சேர்ந்துகொண்ட போதுதான் வந்திருக்கிறது.

1832ஆம் ஆண்டுக்கு முன்னர் ஓல்ட் சாரம் என்ற இடத்தில் குடியிருப்பு என்று சொல்லத்தக்க எதுவுமே இருக்கவில்லை. ஒரு மேடும் புல்வெளியும் மாத்திரமே. ஆனால், பத்துப் பதினொரு வாக்காளர்களைக் கொண்ட அந்தத் தொகுதி பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. பின்னாளில் நாட்டை வழிநடத்திய மூத்த வில்லியம் பிற் 1735இல் பாராளுமன்றத்துக்குள் பிரவேசித்தது தனது குடும்பத்தின் சொத்தாக இருந்த அந்தத் தொகுதியின் ஊடாகத்தான். டன்விச் என்ற இன்னொரு ஊரின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோன பின்னரும் அதற்கும் இரண்டு உறுப்பினர்கள். தொழில் நகரமாகப் பெருத்துவிட்ட மன்செஸ்டருக்கு ஒருவர்கூட இல்லை. 1819 ஆகஸ்ட் 16ஆம் திகதி மன்செஸ்டரின் சென். பீற்றர்ஸ் மைதானத்தில் சீர்திருத்தம் கேட்டுக் கூடிய சுமார் 60,000 மக்களின் மீது குதிரைப்படை வாள்களுடன் ஏவப்பட்டது. பதினைந்து பேராவது மாண்டனர். வாட்டர்லூ போரைக் கேலியாக நினைவுபடுத்தி அந்தக் கொலைகளுக்கு 'பீற்றர்லூ' என்று பெயர் வந்தது. இரு வருடங்கள் கழித்து 'மன்செஸ்டர் கார்டியன்' பத்திரிகை தோன்றுவதற்கும் அந்த நிகழ்வே தூண்டுகோலாயிற்று. எமது தொழிலைச் சேர்ந்தவர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டிய செய்தி இது.

மக்கள் மாண்டதால் சட்டம் வரவில்லை. 1831 ஒக்டோபரில் பிரபுக்கள் சபை சீர்திருத்தச் சட்டமூலத்தை நிராகரித்தபோது நொட்டிங்ஹாம் கோட்டை எரிந்தது. பிரிஸ்டல் நகரில் மூன்று நாட்கள் கலவரம். பிரான்ஸில் நடந்தது இங்கும் நடந்துவிடுமோ என்ற நடுக்கத்தின் மத்தியில்தான் கிரே பிரபுவின் அரசாங்கம் 1832 ஜூனில் சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டது. அதன் பின்னரும் இங்கிலாந்தில் வயதுவந்த ஆண்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கே வாக்குரிமை. வாக்காளர் என்பவர் ஆண் என்று சட்டத்தில் முதன்முதலாக வெளிப்படையாக எழுதப்பட்டதும் அந்த 'மகத்தான' சட்டத்தில்தான்.

சாசனவாதிகளின் ஆறு கோரிக்கைகள், 1867இல் எதிரிகளை முந்திக்கொள்வதற்காக டிஸ்ரேலி எடுத்த பாய்ச்சல், 1872இன் இரகசிய வாக்கெடுப்பு ஆகியவற்றை எல்லாம் இங்கு விரித்து எழுதப்போவதில்லை. வாக்கு யாருக்கு என்ற கேள்விக்கு விடை படிப்படியாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த வாக்கை எப்படி எண்ணுவது, எப்படி ஆசனமாக்குவது என்ற இரண்டாவது கேள்விதான் இன்றுவரை முட்டுக்கட்டையில் நிற்கிறது. அந்தக் கேள்வி தீர்வுக்கு மிகவும் கிட்டவாக வந்த தருணம் 1917.

முதலாம் உலகப்போரின் நடுவே சபாநாயகர் ஜேம்ஸ் லோதர் தலைமையில் சகல கட்சிகளையும் சேர்ந்த ஒரு மகாநாடு கூட்டப்பட்டது. போர்முனைக்குப் போன சிப்பாய்கள் வதிவிடத் தகைமையை இழந்து வாக்குரிமையையும் இழந்திருந்தனர். தாய்நாட்டுக்காக உயிரைக் கொடுக்கப் போனவனுக்கு வாக்கில்லை என்று எந்த அரசாங்கம்தான் சொல்லமுடியும்? 1917 ஜனவரியில் அந்த மகாநாடு அறிக்கை தந்தது. பெண்களுக்கு வாக்குரிமை என்பதை அது பெரும்பான்மையால்தான் விதந்துரைத்தது. பெரிய நகரங்களில் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்பதையோ ஏகமனதாக விதந்துரைத்தது. வாசகர்கள் இதைக் கவனிக்கவேண்டும். சர்ச்சைக்குரியதாக இருந்த பெண் வாக்குரிமை சட்டமாயிற்று. சகலரும் உடன்பட்ட விகிதாசாரம் காணாமற்போயிற்று.

பிரதமர் லோயிட் ஜோர்ஜ் அதில் அக்கறை காட்டவில்லை. அரசாங்கம் பொறுப்பேற்காமல் உறுப்பினர்களின் விருப்பத்துக்கு விட்டது. பொதுச் சபை விகிதாசாரத்தை நிராகரித்துவிட்டு, வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் மாற்று வாக்கு முறையை ஒரேயொரு மேலதிக வாக்கினால் ஏற்றுக்கொண்டது. பிரபுக்கள் சபை மாற்று வாக்கை வெட்டிவிட்டு விகிதாசாரத்தைத் திரும்பப் புகுத்தியது. பொதுச் சபை மீண்டும் அதை வெட்டியது. பந்தாட்டம் போன்று மாறிமாறிச் சென்ற சட்டமூலம் 1918 பெப்ரவரி 6ஆம் திகதி சட்டமானபோது, பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒருசில ஆசனங்களுக்கு மாத்திரம் விகிதாசார முறை எஞ்சியது. வாக்காளர் தொகை 77 இலட்சத்தில் இருந்து 2 கோடியே 14 இலட்சமாக உயர்ந்தது. எண்ணும் முறை மாத்திரம் பழையதாகவே நின்றது.

அந்த அலட்சியத்துக்கு லிபரல் கட்சி கொடுத்த விலை கொஞ்சமல்ல. அதே ஆண்டு டிசம்பரில் முன்னாள் பிரதமர் அஸ்குயித் தனது சொந்த ஆசனத்தையே இழந்தார். 1924இல் 18 சதவீதத்துக்கு அண்மித்த வாக்குகளுக்கு 40 ஆசனங்கள் மாத்திரம். அதிகாரத்தில் இருந்தபோது வேண்டாத விருந்தாளியாக இருந்த விகிதாசாரம் தெருவுக்கு வந்ததும் லிபரல்களின் கொள்கையாகிவிட்டது. மறுபுறத்தில், சிறிய கட்சியாக இருந்த காலத்தில் தொழிற்கட்சிக்குள் விகிதாசாரத்துக்கு இருந்த ஆதரவு, ஆட்சியைப் பிடிக்கும் வாய்ப்புத் தெரியத் தொடங்கியதும் கரைந்துபோனது. இரு கட்சிகளும் இடம் மாறிக்கொண்டன, நியாயம் மாறவில்லை.

தமக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய அதே முறையைப் பிரிட்டிஷார் பிறருக்குக் கொடுத்ததுதான் வேடிக்கை. 1920ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசாங்கச் சட்டத்தில் சிறுபான்மையினரின் பாதுகாப்பைக் கருதி விகிதாசார முறையை அவர்களே புகுத்தினர். 1921இல் மோல்டாவுக்கும் கொடுத்தனர். அயர்லாந்து இன்றும் அதனைக் கைவிடவில்லை. 1959இலும் 1968இலும் அதை ஒழிப்பதற்கு அங்கு நடத்தப்பட்ட இரு சர்வஜன வாக்கெடுப்புகளையும் மக்கள் தோற்கடித்தனர்.

எமக்குக் கொடுத்தது அதுவல்ல. 1931இல் சர்வஜன வாக்குரிமையும் 1947இல் சோல்பரி அரசியலமைப்பும் வந்தபோது, ஒருசில பல அங்கத்தவர் தொகுதிகளும், ஆசனங்களைப் பிரிப்பதில் நிலப்பரப்பையும் கவனத்தில் எடுக்கும் ஏற்பாடும் தவிர, தொகுதியில் கூடுதல் வாக்கு எடுத்தவர் வெல்லும் வெஸ்ட்மின்ஸ்டர் முறையே இலங்கைக்கு வந்துசேர்ந்தது. 1970இல் சிறீலங்கா சுதந்திரக் கட்சியை விடக் கூடுதல் வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 17 ஆசனங்கள். சுதந்திரக் கட்சிக்கு 91. 1977இல் சக்கரம் திரும்பியது. சரிபாதிக்குச் சற்றுக் கூடுதலான வாக்குகளுடன் ஜே.ஆர். ஜெயவர்தன 168இல் 140 ஆசனங்களைப் பெற்றார். 30 சதவீதத்துக்கு அண்மித்த வாக்குகளைப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்கள். ஏழு சதவீதத்துக்கும் குறைவான வாக்குகளுடன் 18 ஆசனங்களைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். பத்து வயதுச் சிறுவனாக வானொலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கொப்பியில் முடிவுகளைக் குறித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெருமையாக இருந்தது. அந்த ஆறில் ஐந்து பெரும்பான்மை எதற்கெல்லாம் பயன்படுத்தப்படும் என்பது அப்போது எனக்கு மாத்திரமல்ல, பெரியவர்களுக்கும் விளங்கியிருக்குமா என்பது சந்தேகமே.

பிரிட்டனுக்குத் திரும்புவோம். ஆட்சி கையைவிட்டு நழுவும் வேளையில் மாத்திரம் சீர்திருத்தம் நினைவுக்கு வருவது அங்கு ஒரு வழமை. 1931இல் லிபரல்களின் தயவில் இருந்த ராம்சே மக்டொனால்டின் சிறுபான்மை அரசாங்கம் மாற்று வாக்குச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. ஆகஸ்டில் அரசாங்கம் கவிழ்ந்தது, சட்டமூலமும் சேர்ந்து மாண்டது. 79 வருடங்களுக்குப் பின்னர் கோர்டன் பிரவுண் அதேபோன்று தனது அரசாங்கத்தின் கடைசி மாதங்களில் மாற்று வாக்குக்குச் சர்வஜன வாக்கெடுப்பு என்றொரு ஏற்பாட்டை முன்வைத்து, தேர்தலுக்கு முன்னரான அவசரத்தில் அதைக் கைவிட்டார்.

இவ்வளவு காலமும் மக்கள் இந்த முறைமையை ஏன் சகித்துக்கொண்டார்கள் என்ற கேள்வி எழலாம். ஒரு பேரம் இருந்தது என்பதே எனது அபிப்பிராயம். 'உங்களது வாக்குகள் சரியாக எண்ணப்படாமல் போகலாம். ஆனால், பதிலுக்கு உறுதியான ஒரு அரசாங்கம் கிடைக்கும், அது தவறிழைத்தால் அடுத்த தடவை தூக்கியெறியலாம்' என்பதே அந்தப் பேரம். 1951இல் தொழிற்கட்சி கூடுதல் வாக்குகளைப் பெற்றும் சேர்ச்சிலிடம் தோற்றது. எவரும் தெருவில் இறங்கவில்லை. ஏனென்றால், இரு பெரிய கட்சிகளுக்குமாகச் சுமார் 97 சதவீத வாக்குகள் விழுந்த தேர்தல் அது. எவரும் வெளியே விடப்படவில்லை. 1974 பெப்ரவரியில் லிபரல்களின் 60 இலட்சம் வாக்குகள் 14 ஆசனங்களாகவும், 1983இல் லிபரல் - சமூக ஜனநாயகக் கூட்டணியின் 25.4 சதவீதம் 23 ஆசனங்களாகவும் சுருங்கியபோது பேரத்தில் விரிசல் தெரிந்தது. 2024இல் அதே இரு பெரிய கட்சிகளின் கூட்டு வாக்கு வெறும் 57 சதவீதம். இரண்டு பேருக்கென்று தைத்த சட்டைக்குள் ஐந்து பேர் நுழைய முயற்சிக்கிறார்கள்.

1997 மே மாதத்தில் டொனி பிளயர் 418 ஆசனங்களுடன் வந்த இரவில் நான் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தேன். தேர்தல் முறை குறித்து சர்வஜன வாக்கெடுப்பு நடத்தப்படும் என்று அவரது விஞ்ஞாபனத்தில் எழுதியிருந்ததை நம்பி ஒரு கட்டுரையும் எழுதினேன். ரோய் ஜென்கின்ஸ் பிரபுவின் தலைமையில் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு 1998 ஒக்டோபரில் ஒரு கலப்பு முறையை விதந்துரைத்தது. வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. அத்தகைய பெரும்பான்மை உள்ளவருக்கு அது எதற்கு? எனது கட்டுரையை இன்று வாசித்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு நம்பிக்கை ஒவ்வொன்றாக உதிர்ந்தது. 2001இல் வாக்களித்தவர்கள் 59.4 சதவீதம்; 1918க்குப் பின்னர் மிகக் குறைவு. 2003இல் ஈராக் போருக்கு எதிராக லண்டன் வீதிகளை நிறைத்த மக்களைப் பொருட்படுத்தாமல் போருக்குப் போன பிளயர், 2005இல் 35.2 சதவீத வாக்குகளுடன் வசதியாகத் திரும்பிவந்தார். 2009 மே மாதத்தில் 'டெய்லி டெலிகிராஃப்' பாராளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கோரிக்கைகளை நாளாந்தம் வெளியிடத் தொடங்கியது. வாத்துகளுக்கான மிதக்கும் வீட்டுக்கு ஒருவர் 1,645 பவுண் கேட்டிருந்தார். இன்னொருவரின் பட்டியலில் மாளிகையைச் சுற்றியுள்ள அகழியைத் துப்புரவாக்கும் செலவு. அந்தத் தகவல்களைப் பெறுவதற்கு ஹெதர் புரூக் என்ற பத்திரிகையாளர் வருடக்கணக்கில் சட்டத்தின் வழியே போராடியிருந்தார். சபாநாயகர் மைக்கல் மார்ட்டின் பதவி விலக நேர்ந்தது. 1695க்குப் பின்னர் ஒரு சபாநாயகர் அவ்வாறு வெளியேற்றப்பட்டது அதுவே முதற்தடவை.

சீர்திருத்தத்துக்கு அதைவிட நல்ல வேளை கிடைக்காது என்று பலரும் எண்ணினர். 2011 மே 5ஆம் திகதி மாற்று வாக்கு முறைக்கு சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது. கூட்டரசாங்கத்தில் சேர்வதற்கு நிக் கிளெக் பெற்றுக்கொண்ட விலை அது. அவரே ஒரு வருடத்துக்கு முன்னர் அற்பமான சமரசம் என்று எள்ளிநகையாடிய முறை! விகிதாசாரம் கேட்டவருக்கு டேவிட் கமரூன் கொடுத்தது விகிதாசாரமல்லாத ஒன்றை. பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தமாட்டோம் என்ற வாக்குறுதியை மீறிய கிளெக்கைத் தண்டிப்பதற்கு மக்களுக்கு அது வாய்ப்பாகிப் போனது. எதிர்ப்பிரசாரக்காரர்கள் வைத்தியசாலைக் குழந்தையின் படத்தைப் போட்டு, பணம் எதற்குத் தேவை என்று கேட்டனர். 67.9 சதவீதத்தினர் மறுத்தனர். இன்றுவரை 'மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள்' என்று சொல்பவர்களுக்கு அது கேடயம். மக்களிடம் கேட்கப்படாத ஒரு கேள்விக்கு அவர்கள் விடையளித்துவிட்டதாகக் கூறுவது எந்த வகையில் நேர்மை?

2015இல் ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சியின் 38 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளுக்கு ஒரு ஆசனம், 14.5 இலட்சம் வாக்குகளுக்கு ஸ்கொட்லாந்து தேசியவாதிகளுக்கு 56 ஆசனங்கள். அடுத்த வருடமே ஐரோப்பிய ஒன்றியம் தொடர்பான வாக்கெடுப்பு. 3 கோடியே 35 இலட்சம் பேர், முன்னைய பொதுத் தேர்தலை விடவும் சுமார் 28 இலட்சம் பேர் கூடுதலாக, வாக்களித்தனர். அதற்குப் பல காரணங்களைக் கூறமுடியும். எனக்கு முக்கியமாகத் தெரிவது, பாதுகாப்பான தொகுதிகளில் தசாப்தக்கணக்காக எண்ணிக்கையில் வராமல் கிடந்தவர்களுக்கு ஒவ்வொரு வாக்கும் சமமாக எண்ணப்பட்ட நாள் அது என்பதாகும்.

உறுதியான அரசாங்கம் என்ற பேரத்தின் மறுபாதியும் அதன் பின்னர் பொய்த்தது. 2016 ஜூலையில் இருந்து 2024 ஜூலைக்குள் ஐந்து புதிய பிரதமர்கள். பாராளுமன்றத்தை ஒத்திவைத்தது சட்டவிரோதம் என்று 2019 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தானே விதித்த கொவிட் விதிகளை மீறியதற்காக 2022இல் பதவியிலிருந்த பிரதமருக்குப் பொலிஸார் அபராதம் விதித்தனர். கட்சி அங்கத்தவர்கள் சுமார் 81,000 பேரின் வாக்குகளால் வந்த லிஸ் ட்ரஸ் 49 நாட்களில் போனார். கணினி முறைமையின் தவறினால் 900க்கும் அதிகமான உப தபால் அதிபர்களும் ஊழியர்களும் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்ட அநியாயத்துக்கு, ஒரு தொலைக்காட்சி நாடகம் வந்த பின்னர்தான் அரசு முழுவேகத்தில் விழித்தது. எந்தக் கட்சியின் அரசாங்கமும் தனது நலனை விட நாட்டின் நலனை முன்னிறுத்தும் என்று அநேகமாக ஒருபோதும் நம்பமாட்டோம் என்று கூறியவர்கள், 2024இல் வெளியான பிரிட்டிஷ் சமூக மனப்பாங்கு ஆய்வில் 45 சதவீதத்தினர். செலவு ஊழலின் கொதிப்பு அடங்காத 2009இல்கூட அது 40 சதவீதமாகவே இருந்தது. தேர்தல் முறையை மாற்றவேண்டும் என்று பாதிக்கும் அதிகமானோர் அதே ஆய்வில் கூறினர்.

விகிதாசாரம் வந்தால் நம்பிக்கை திரும்பிவிடும் என்று நான் வாதிட வரவில்லை. இலங்கையில் 1989 முதல் அந்த முறையில்தான் பாராளுமன்றத் தேர்தல்கள் நடந்துவருகின்றன. விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதையும், மாவட்டம் முழுவதும் சுவரொட்டி ஒட்டும் வசதி படைத்தவர்களுக்கே அது வாய்ப்பாவதையும், எனது எம்.பி. யார் என்று வாக்காளனுக்குத் தெரியாமற்போவதையும் நாம் கண்டிருக்கிறோம். பிரிட்டனில் இன்னமும் சாதாரணக் குடிமகன் சனிக்கிழமையில் தனது தொகுதி உறுப்பினரை நேரில் சந்தித்துக் கடிதம் கொடுக்க முடிகிறது. அதை இழக்காமல் கணக்கைத் திருத்துவது எப்படி என்பதற்கு ஸ்கொட்லாந்து 1999இல் இருந்தும் நியூசிலாந்து 1996இல் இருந்தும் ஒரு வழியைக் காட்டிவருகின்றன என்பதே உண்மை. நியூசிலாந்தில் 1978இலும் 1981இலும் கூடுதல் வாக்குகளைப் பெற்றும் தோற்ற கட்சி, ஆட்சிக்கு வந்ததும் ஆணைக்குழு அமைத்தது. அதுவும் தோற்ற வலியின் விளைவுதான்.

பிரிட்டனின் தொழிற்கட்சிக்கு அந்த வலி இருந்தது. 2022 செப்டெம்பரில் லிவர்பூலில் கூடிய அதன் மகாநாடு விகிதாசாரத்துக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அது முன்னுரிமை அல்ல என்றார் கெயர் ஸ்டார்மர். பிறகு 411 வந்தது. 2025 ஜூலையில் அவரது அரசாங்கம் 16 வயதினருக்கு வாக்குரிமை வழங்கப்போவதாக அறிவித்தது. மீண்டும் முதலாவது கேள்விக்கே விடை, இரண்டாவதற்கு அல்ல. இதற்கிடையில் 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தல்களில் ஃபராஜின் கட்சி 677 ஆசனங்களைக் கைப்பற்றியது. அதே நாளில் ரன்கோர்ன் இடைத்தேர்தலில் தொழிற்கட்சியின் கோட்டையை ஆறு வாக்குகளால் பிடித்தது. ஐந்து ஆசனங்களோடு அவரைக் கட்டிப்போட்ட அதே முறைமை, வாக்குகள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தால் அவரையே அறுதிப் பெரும்பான்மையில் கொண்டுபோய் இருத்தவும் கூடும்.

2024 டிசம்பர் 3ஆம் திகதி லிபரல் ஜனநாயகக் கட்சியின் சாரா ஒல்னி விகிதாசாரப் பிரதிநிதித்துவத்துக்கான தனிநபர் பிரேரணை ஒன்றைப் பொதுச் சபையில் முன்வைத்தார். 138 வாக்குகள் ஆதரவு, 136 எதிர்ப்பு. தொழிற்கட்சியினர் பலரும் ஆதரித்து வாக்களித்திருந்தனர். அரசாங்கம் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை.